பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்ய என்னென்ன வாங்கினால் போதும்?

மாடிவீட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போகிக்கு முன்னால் ஒட்டடை அடித்து, பரணை இறக்கி, முழு வீட்டையும் கழுவி விட வேண்டும் என்று இருக்கிறேன். கடைக்குப் போனால் தரைக்குத் தனி பாட்டில், டைல்ஸுக்குத் தனி, கண்ணாடிக்குத் தனி, அடுப்புக்குத் தனி, குழாய்க்குத் தனி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்தால் மாத மளிகைப் பணத்தில் பாதி போய்விடும் போல இருக்கிறது.

எங்களுக்கு வருவது போர் தண்ணீர், அதனால் குழாய், ஷவர், பக்கெட், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் பிசுக்கு கட்டிப் போய் இருக்கிறது. கூடத்தில் மொசைக் தரை, சமையலறை அலமாரித் தட்டுகள் எல்லாம் கடப்பா கல். தெருவில் வண்டியில் பினாயில், ஆசிட் விற்பவர் ஒருவர் வருகிறார், ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் உப்புக்கறை உடனே போய்விடும் என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, பூனையும் இருக்கிறது. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:

முதலில் அந்த ஆசிட் பாட்டிலை வாங்காதே அம்மா. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. ஆசிட்டைக் கேட்பவர்களுக்கெல்லாம் விற்கக் கூடாது, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லேபிள் இல்லாத பாட்டிலில் எவ்வளவு வீரியமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று விற்பவருக்கே தெரியாது.

கடையில் பாட்டிலைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் அழுக்கைப் பார். உப்புக்கறைக்குப் புளிப்பு வேண்டும், எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம் வேண்டும், மற்றதெல்லாம் தூசிதான், அதற்குத் தண்ணீரும் நல்ல துணியும் போதும். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் அந்த அடுக்கில் இருக்கும் முக்கால்வாசி பாட்டில்கள் தேவைப்படாது.

போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். தண்ணீர் காய்ந்ததும் அவை குழாயில் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல் எதனால் ஆனதோ அதேதான். புளிப்புக்கு இளகிக் கரையும். சிட்ரிக் ஆசிட் பொடி நாட்டு மருந்துக் கடையிலும் பெரிய மளிகைக் கடையிலும் கிடைக்கும், சில இடங்களில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கரைத்து, பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, கால் மணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் கழுவிவிடு. ஷவர் தலையைக் கழற்ற முடிந்தால் அந்தத் தண்ணீரிலேயே போட்டு வை. ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிட்டால் குரோம் பூச்சு கெடும்.

இப்போது முக்கியமான விஷயம். உன் வீட்டு மொசைக்கில் இருப்பது சிமெண்டில் பதித்த பளிங்குச் சில்லு. கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல் இனம்தான். கறையும் கல்லும் ஒரே பொருள் என்பதால் ஆசிட்டுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தின்னும். வண்டிக்காரரின் ஆசிட் மட்டுமில்லை, வினிகர், எலுமிச்சம்பழச் சாறு, கழிப்பறை கிளீனர் எது பட்டாலும் மொசைக்கின் மெருகு போய் மங்கிவிடும், கறுப்புக் கடப்பாவில் வெள்ளைத் திட்டு விழும். பிறகு மெஷின் வைத்து பாலீஷ் போட்டால்தான் உண்டு, வாடகை வீட்டில் அந்தச் செலவு யார் தலையில் என்ற சண்டை வேறு. அவை இரண்டுக்கும் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு விட்ட தண்ணீர் போதும். துடைத்த பின் நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்துவிடு, சோப்பு தங்கினால் அதிலேயே தூசி ஒட்டும்.

அப்புறம், பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் போடவே கூடாது. ஹார்பிக் மாதிரி கழிப்பறை கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவும்போது அதை முகர்ந்தால் மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். ஒன்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நன்றாக அலசி, ஜன்னலைத் திறந்து விட்டு, இன்னொன்றை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள். வீடியோக்களில் ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்க விடுகிறார்களே, அது ஆபத்தில்லை, ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிட்டு மீதி கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். நுரை வந்தால் அழுக்குப் போகிறது என்று அர்த்தமில்லை.

மெஸ்காரர்:

டீச்சரம்மா சொன்ன காரம் எது என்று நான் சொல்கிறேன். சலவைச் சோடா. விலை மிகவும் குறைவு, பிசுக்குக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கடையில் தினமும் வடை, பூரி போடுகிறோம், எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள் சகோதரி.

முதலில் மெயினில் கரண்டை நிறுத்துங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. இறக்கையைக் கழற்றி, கெட்டியாக இருப்பதை பிளாஸ்டிக் தகட்டால் வழித்து பேப்பரில் எடுத்துப் போட்டுவிடுங்கள். எடுத்ததுமே தண்ணீரில் போட்டால் அது தண்ணீரோடு போய் சிங்க் குழாயை அடைக்கும். பிறகு கொதிக்கிற தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா, கொஞ்சம் பாத்திர சோப்பு, அரை மணி நேரம் ஊறினால் பிரஷ் பட்டதுமே வழுக்கிக்கொண்டு வரும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், சோடா தோலையும் உரிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, இறக்கை அலுமினியம் என்றால் சலவைச் சோடா வேண்டவே வேண்டாம், கறுத்து அரித்துவிடும். அதற்கு வெந்நீரும் பாத்திர சோப்பும் மட்டும் போட்டு இரண்டு தடவை ஊற வையுங்கள். பெயிண்ட் அடித்த கதவு, வார்னிஷ் மரம் இதற்கும் சோடா ஆகாது.

அலமாரிக்கு மேலே யாரும் பார்க்காத இடத்தில் பிசுக்கும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இருக்கும். அதை ஒரு தடவை எடுத்த பிறகு பழைய நியூஸ்பேப்பரை விரித்து வைத்துவிடுங்கள், அடுத்த முறை பேப்பரைச் சுருட்டி எடுத்தால் முடிந்தது.

பூந்துடைப்பம்:

வாங்கும் காசைத் திரவத்தில் போடாமல் சாமானில் போடுங்கள் அக்கா, அதுதான் வருஷக்கணக்கில் உழைக்கும். நீளமான ஒட்டடைக் கம்பு ஒன்று, நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, பாத்ரூமுக்கு நீளக் கைப்பிடி பிரஷ், ரப்பர் நன்றாக இருக்கும் வைப்பர் ஒன்று. எங்கள் வீட்டில் குளித்து முடித்ததும் டைல்ஸையும் குழாயையும் வைப்பராலும் துணியாலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவோம். தண்ணீர் அங்கேயே நின்று காய்வதால்தானே உப்பு படிகிறது, அதனால் இந்தப் பழக்கம் வந்த பிறகு சிட்ரிக் ஆசிட் எடுக்கும் வேலையே குறைந்துவிட்டது.

துடைப்பம் இரண்டும் வேண்டும். மொட்டை மாடி, படிக்கட்டு, ஈரத் தரைக்குத் தென்னந்துடைப்பம், உள்ளே மொசைக்குக்குப் பூந்துடைப்பம். புதுப் பூந்துடைப்பத்தில் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும், அப்படியே எடுத்து உள்ளே பெருக்கினால் பெருக்கப் பெருக்கக் குப்பைதான். மாடிக்கு எடுத்துப் போய் சுவரில் நன்றாகத் தட்டி, பழைய சீப்பால் ஒரு வாரு வாரி விட்டுப் பிறகு உள்ளே கொண்டு வாருங்கள்.

வேலை மேலே இருந்து கீழே வர வேண்டும். ஒட்டடை, பரண், சீலிங் ஃபேன், ஜன்னல், கடைசியில்தான் தரை. ஃபேனுக்குப் பழைய தலையணை உறையை ஒவ்வொரு இறக்கையிலும் மாட்டி அழுத்தி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. கொசு வலை ஜன்னலைக் கழற்ற முடிந்தால் கழற்றி மாடியில் படுக்க வைத்துக் கழுவுங்கள், நின்ற நிலையில் தேய்த்தால் வலை தொய்ந்துபோகும்.

மாடிவீட்டுக்காரி:

டீச்சர், அண்ணா, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை அலுமினியம்தான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், நல்லவேளை கேட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பூனை இருக்கும் வீட்டில் தரைக்குப் பினாயில் போடலாமா? பரணில் பழைய பட்டுப்புடவைப் பெட்டி இருக்கிறது, அதில் அந்துருண்டை போட்டு வைக்கச் சொல்கிறார் மாமியார், போடலாமா?

பித்தளைக்குடம்:

பூனை இருந்தால் கறுப்பு பினாயில் கூடவே கூடாது. அதில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் மனிதர்களைப் போல முறிக்க முடியாது, தரையில் நடந்து காலை நக்கினாலே உள்ளே போய்விடும். தவழ்ந்து, கீழே விழுந்ததை எடுத்து வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கும் அது நல்லதில்லை. டீச்சர் சொன்ன சோப்புத் தண்ணீரே உங்கள் தரைக்குப் போதும். யாருக்காவது வயிற்றுப்போக்கு, வாந்தி என்று கிருமி பயம் இருந்தால் மட்டும் அந்த இடத்துக்குக் கிருமிநாசினி போட்டு, காயும் வரை இரண்டு பேரையும் வேறு அறையில் வையுங்கள்.

அந்துருண்டையும் வேண்டாம். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுவிடும் என்பது ஒரு பயம். இன்னொன்று, நாப்தலீன் உருண்டை என்றால் ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அதன் வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரைக்கும் கொண்டுபோகும், சோதித்துப் பார்க்காமல் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று தெரியாது. மாமியாரிடம் இதைச் சொன்னால் பேரப்பிள்ளைக்காகக் கட்டாயம் ஒத்துக்கொள்வார். பட்டுப்புடவையை நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வசம்பு சில துண்டு துணிப்பையில் கட்டி வையுங்கள். வசம்பும் குழந்தை கைக்கு எட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பொங்கல் என்றால் விளக்கும் பானையும் எடுப்பீர்கள் அல்லவா. பித்தளை, செம்புக்குப் புளியும் உப்பும் இருக்கும்போது தனிப் பொடி வாங்கத் தேவையில்லை. எண்ணெய் ஏறிய விளக்கை முதலில் வெந்நீரில் சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும், பிசுக்கோடு புளி போட்டால் வேலை செய்யாது. புளி போட்டதும் கழுவி உடனே துடைத்துவிடுங்கள், உங்கள் போர் தண்ணீரில் தானாகக் காய விட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். இந்த வேலையைக் கடப்பா மேடையில் வைத்துச் செய்யாதீர்கள், புளித் தண்ணீரும் புளிப்புதான்.

பரணில் இருந்து இறங்கும் பழைய பாய், கிழிந்த மெத்தை, டயர், பிளாஸ்டிக் எதையும் போகி நெருப்பில் போட வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டம் அடர்ந்து விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின. சின்னக் குழந்தையின் நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது. சில ஆண்டுகளாக மாநகராட்சியே போகிக்கு முன்னால் பழைய துணி, டயர் எல்லாம் தனியாக வாங்கிக்கொள்கிறது, குப்பை வண்டியில் வருபவரிடம் எந்த நாள் என்று கேட்டால் சொல்வார். போடக்கூடிய நிலையில் இருக்கும் துணியைத் துவைத்து மடித்துத் தனி மூட்டையாகக் கட்டுங்கள், அதை மட்டும் குப்பையோடு சேர்க்காமல் தேவைப்படுபவர்களிடம் கொடுத்துவிடலாம்.