காரைக்குடிப் பகுதியில் நாய்க்கு இரத்தம் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். உடலின் எதிர்ப்பாற்றலே தன் சிவப்பணுக்களை அழிக்கும் இரத்தசோகை எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு மீண்டும் வந்திருக்கிறது. அதற்குக் கொடுத்துவந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு வருகையில், வளவெல்லாம் ஓடித் திரிந்தவள் ஆத்தங்குடிக் கல்தரையை விட்டு எழவில்லை. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்து, லேசாக மஞ்சள் படர்ந்திருந்தது. நாய்களுக்கு ஏறத்தாழ 37 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டிய சிவப்பணு அளவு இவளுக்கு 15. எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோபீனோலேட் மருந்தையும் சேர்த்திருக்கும் மருத்துவர், அது வேலை செய்யும்வரை தாக்குப்பிடிக்க இரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்.

சென்ற முறையும் ஏற்றியிருப்பதால், இம்முறை பொருத்தம் பார்க்காமல் ஏற்றுவதற்கில்லை. ஆகவே காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசிகளை முறையாகப் போட்ட, இதுவரை இரத்தம் ஏற்றப்படாத, நலமான நாய் வளர்ப்போர் உதவ வேண்டுகிறேன். உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பபீசியா பரிசோதனைச் செலவும் வண்டிச் செலவும் எங்களுடையவை.

ஸ்டீராய்டு தரும் ஓயாத பசியையும் தாகத்தையும் சமாளித்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதலாம். மருந்தை நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியம் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.