பறக்கும் பருந்தை எடுத்தால் வெறும் வானம்தான் விழுகிறது: சாதாரண டிஜிட்டல் கேமரா, உதவி வேண்டும்

முதுநகர்வாசி:

வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறேன். துறைமுகம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வேலை முடிந்து ஐந்து மணிக்கு மேல் அங்கே போனால், மீன் கழிவுக்காகப் பத்துப் பதினைந்து செம்பருந்துகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் படம் எடுக்கும் ஆசை வந்தது.

கேமரா சட்டைப்பையில் போடுகிற ரகம். 16 மெகாபிக்சல், 8 மடங்கு ஜூம். கண்ணை வைத்துப் பார்க்கிற துளை கிடையாது, பின்னால் ஸ்கிரீன் மட்டும். மாமா தனக்கு வேண்டாம் என்று கொடுத்தது.

மூன்று வாரத்தில் 300 படம் எடுத்திருப்பேன். பாதிக்கு மேல் வெறும் வானம். கொஞ்சம் படங்களில் ஓரத்தில் வால் மட்டும் இருக்கிறது. முழுசாக விழுந்தவற்றில் பருந்து கரித்துண்டு மாதிரி கறுப்பு, இல்லையென்றால் இழுத்துப் பூசிய மாதிரி கலங்கல். அதே கேமராவில் படகு விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கொக்கு அருமையாக விழுகிறது. கோளாறு கேமராவிலா, என் கையிலா? புதுசு வாங்கச் சொல்லாதீர்கள், இப்போதைக்கு வழியில்லை.

வெயில்காயும் கொக்கு:

வாங்காமல் முடியாது நண்பா. இந்தச் சோப்பு டப்பாவில் பருந்தெல்லாம் நடக்காது. பூ, கோயில் கோபுரம் எடுங்கள்.

ஏரிக்கரை:

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட வேண்டாம். நான் ஊசுட்டேரிக்கு வில்லியனூர் வழியாகச் சைக்கிளில் போய்ப் படம் எடுக்க ஆரம்பித்த காலத்தில் என்னிடம் இருந்ததும் இந்த ரகம்தான். நூற்றுக்குப் பத்துப் படம் தேறும். அந்தப் பத்து எனக்குப் போதுமாக இருந்தது.

தம்பி, கெட்டுப்போன படங்களில் ஒரு நாலைந்தைக் கணினியில் திறந்து, படத்தின் விவரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஒளியை உள்ளே விடும் நேரம், 1/125 நொடி என்கிற மாதிரி இருக்கும்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன் எண்), ஜூம் எவ்வளவு, எத்தனை மணி. அதைப் பார்க்காமல் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிடவில்லையே?

முதுநகர்வாசி:

நல்லவேளை, அழிக்கவில்லை அண்ணா. கலங்கிய படம்: 1/125, ஐஎஸ்ஓ 100, மாலை 5.20. கறுப்புப் படம்: 1/500, ஐஎஸ்ஓ 100, 5.05. மற்றதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். ஜூம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 8 மடங்குக்கு மேலேயும் பொத்தானை அழுத்தினால் 32 வரை போகிறது. நான் பெரும்பாலும் 32-இல்தான் வைக்கிறேன், அப்போதுதான் பருந்து பெரிசாகத் தெரிகிறது.

பாகூர்க்காரி:

32-ஆ! பாதி விடை அங்கேயே இருக்கிறது.

8-க்கு மேலே போவது டிஜிட்டல் ஜூம். லென்ஸ் ஒரு மயிரிழைகூட நகராது, எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதை வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம். மெனுவில் போய் அதை நிறுத்திவிடுங்கள்.

அது தரத்தை மட்டும் கெடுக்கவில்லை. பருந்து உங்களிடமிருந்து 25 மீட்டரில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மடங்கில் உங்கள் சட்டத்துக்குள், அதாவது படத்தின் நாலு ஓரத்துக்குள், அடங்கும் அகலம் சுமார் நாலரை மீட்டர். 32-இல் ஒரு மீட்டரும் சொச்சமும்தான். செம்பருந்து இறக்கையை விரித்தால் அதுவே ஒரு மீட்டருக்கு மேல். வலைக்கண் வழியாக யானையைத் தேடுகிற கதை.

இப்போது நேரக் கணக்கு. பருந்து நொடிக்கு 10 மீட்டர் போகிறது என்றால், நீங்கள் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தும்போது இந்தக் கேமரா முதலில் ஃபோகஸ் தேடும், பிறகு வெளிச்சம் அளக்கும், அப்புறம்தான் படம் எடுக்கும். அரை நொடி போய்விடும். அரை நொடியில் பருந்து 5 மீட்டர் தாண்டிவிட்டது, உங்கள் சட்டம் நாலரை. வெறும் வானம் விழாமல் வேறென்ன விழும்? பின்னாலேயே திருப்பிக்கொண்டு போனால்தான் தப்பிக்கலாம்.

கலங்கலுக்கும் இதே கணக்குதான். 1/125 நொடியில் அது 8 சென்டிமீட்டர் நகர்கிறது. 1/1000 என்றால் ஒரே சென்டிமீட்டர். கொக்கு உட்கார்ந்திருந்ததால் எதுவும் தெரியவில்லை.

ஆகையால் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் பூட்டிக்கொண்ட பச்சைக் கட்டம் வந்ததும் விரலை எடுக்காமல் பருந்தோடு சேர்ந்து திரும்புங்கள், பிறகு மீதியை அழுத்துங்கள். அந்த மீதி அழுத்தத்துக்குக் கேமரா எடுத்துக்கொள்ளும் நேரம் ரொம்பக் குறைவு. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடாமல் 400-இல் வையுங்கள், மேகமாக இருந்தால் 800. அதைக் கூட்டினால் ஷட்டர் வேகமும் கூடும். புள்ளி புள்ளியாக வரும், வரட்டும். கலங்கலைவிடப் புள்ளி மேல்.

வெயில்காயும் கொக்கு:

பச்சைக் கட்டம் வருவதற்குள் பருந்து பரங்கிப்பேட்டை போய்விடும். மலைப் படம் போட்ட குறி இருக்குமே, அதில் வைத்துவிட்டால் ஃபோகஸ் தேடவே தேடாது. தூரத்தில் பூட்டிக்கொள்ளும்.

பாகூர்க்காரி:

இது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழு ஜூமில் அப்படி வைத்தால் 40 மீட்டருக்கு அப்பால் இருப்பதுதான் கூர்மையாக வரும். 20 மீட்டரில் வரும் பருந்து லேசாக மங்கும். ஜூமைப் பாதியாக, 4 மடங்குக்குக் குறைத்துக்கொண்டால் சுமார் 15 மீட்டரிலிருந்தே தெளிவாக விழும். இந்தக் கேமராக்களின் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், அதனால் கிடைக்கிற ஒரே லாபம் இது.

இன்னொன்று, மலைக்குறி இரண்டு இடத்தில் இருக்கும். காட்சி வகையில் வருகிற மலையைத் தொடாதீர்கள், அது ஐஎஸ்ஓவை இறக்கிவிடலாம். ஃபோகஸ் மெனுவில் வருகிற மலைதான் வேண்டும்.

ஏரிக்கரை:

கறுப்புப் படத்தை மறந்துவிட்டோம். வானம் பளீரென்று இருப்பதால் கேமரா எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்குகிறது. படத்தை வெளுப்பாக்கவும் இருட்டாக்கவும் கூட்டல் கழித்தல் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். வெளுத்த வானத்துக்கு எதிரே என்றால் +1 வையுங்கள். வெள்ளைக் கொக்கு கறுத்த தண்ணீர் மேல் பறந்தால் தலைகீழ், -0.7 வைக்காவிட்டால் இறகே தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். +1 வைத்தால் ஷட்டர் வேகம் பாதியாகும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தம்பி, உங்கள் முக்கியமான சிக்கல் மெனுவில் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் துறைமுகத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள்?

முதுநகர்வாசி:

இந்தக் கரையில்தான் அண்ணா. சில நாள் கிழக்கே ஆற்றைப் பார்த்து, சில நாள் ஊரைப் பார்த்து.

ஏரிக்கரை:

சரி, அதைத்தான் எதிர்பார்த்தேன். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எதிர்க்காற்றில் வேகம் குறைந்து ஒரே இடத்தில் தொங்குகிற மாதிரி நிற்குமே, அதுதான் நமக்கான நேரம். இது தை மாதம், காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே தொங்குகிற பருந்தின் முகம் கிழக்கே பார்த்திருக்கும். சாயங்காலம் வெயில் மேற்கிலிருந்து. நீங்கள் கிழக்கே பார்த்து நின்றால் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் வால்தான் கிடைக்கும். ஊரைப் பார்த்து நின்றால் முகம் கிடைக்கும், அது கறுப்பாகக் கிடைக்கும். உங்கள் 300 படமும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும், வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பனாற்றைத் தாண்டி, சிங்காரத்தோப்புப் பக்கம் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். முதுகில் வெயில், முதுகில் வாடைக்காற்று, பருந்து உங்களைப் பார்த்து வரும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. இது இப்போதைய கணக்கு. சித்திரையில் காலைக் காற்று தரையிலிருந்து அடிக்கும், அப்போது வேறு இடம் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். பறவை எழும்பட்டும் என்று கல் எறிவது, கை தட்டுவது வேண்டாம். ஊசுட்டேரியில் சங்குவளை நாரைக் கூட்டத்தை ஒரு கும்பல் அப்படி விரட்டிவிட்டது. அன்று முழுக்க அந்தப் பக்கம் ஒன்றுகூட இறங்கவில்லை.

முதுநகர்வாசி:

அண்ணா, எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, சிரிப்புதான் வந்தது.

ஞாயிறு காலை அக்கரைக்குப் போனேன். ஐஎஸ்ஓ 400, 4 மடங்கு, மலைக்குறி. ஷட்டர் வேகம் 1/1000-க்கு மேலேயே வந்தது. 80 படத்தில் 11-இல் பருந்து முழுசாக இருக்கிறது, செம்பழுப்பு நிறமும் வெள்ளைத் தலையும் தெரிகிறது! ஆனால் இரண்டு தொல்லை. ஒரு படம் எடுத்ததும் அதே படம் ஸ்கிரீனில் இரண்டு நொடி நிற்கிறது, அதற்குள் பருந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. வெயிலில் ஸ்கிரீன் கண்ணாடி மாதிரி என் முகத்தைத்தான் காட்டுகிறது, பருந்தைத் தேடிப் பிடிப்பதற்குள் போய்விடுகிறது.

பாகூர்க்காரி:

முதலாவது சுலபம். எடுத்த படத்தை உடனே காட்டுவது மெனுவில் ஒரு தேர்வு, அதை நிறுத்துங்கள். அதோடு தொடர் ஷாட் போடுங்கள். மூன்று நான்கு படம் எடுத்துவிட்டுக் கார்டில் எழுதிமுடிக்கும் வரை கேமரா கொஞ்சம் அடம் பிடிக்கும், அதனால் பருந்து தூரத்தில் வரும்போதே அழுத்திவிடாதீர்கள். ஃப்ளாஷையும் அடைத்துவையுங்கள். தானியங்கியில் விட்டால் சில கேமரா பறவை கறுப்பாகத் தெரிகிறதே என்று ஃப்ளாஷ் போடப் பார்க்கும், ஒவ்வொரு தடவையும் அது சார்ஜ் ஆகிற வரை காத்திருக்க வேண்டிவரும்.

இரண்டாவதற்கு நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஜூஸ் கடை ஸ்ட்ராவில் மூன்று சென்டிமீட்டர் வெட்டி, கேமராவின் தலையில், லென்ஸ் பார்க்கிற திசையிலேயே டேப்பால் ஒட்டியிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் நிழலில் நின்று, தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியை ஸ்கிரீனின் நடுவில் கொண்டுவந்து, கேமராவைச் சுவரில் அசையாமல் வைத்தேன். ஸ்ட்ரா வழியாகப் பார்த்தால் அதே உச்சி தெரிகிற வரை ஸ்ட்ராவைத் திருப்பித் திருப்பி ஒட்டினேன். ஸ்ட்ராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளிதான், 20 மீட்டர் தள்ளி வரும் பறவைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாகூர் ஏரிக்கரையில் ஸ்கிரீனைப் பார்க்காமலே ஸ்ட்ரா வழியாகத்தான் நத்தைக்குத்தி நாரையைப் பிடித்தேன். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ஒரு கண்ணை மூடினால் அடுத்த பறவை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது.

கேமராக் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, கயிறு விறைக்கிற வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடியுங்கள். கை ஆட்டம் குறையும்.

வெயில்காயும் கொக்கு:

ஸ்ட்ராவா! நானும் ஒட்டிப் பார்க்கப் போகிறேன். தம்பி, லென்ஸையும் துடையுங்கள். கடற்கரையில் நின்றால் உப்புப் படிந்து படமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி இருக்கும். சட்டையால் தேய்க்காதீர்கள், உப்பே கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு மூக்குக்கண்ணாடித் துணி.

முதுநகர்வாசி:

ஸ்ட்ரா ஒட்டியாகிவிட்டது. கரும்பு ஜூஸ் கடைக்காரர் எதற்கு என்று கேட்டார், சொன்னேன், நம்பவில்லை.

இன்று காலை எட்டே காலுக்கு ஒரு படகிலிருந்து மீன் குடலை ஆற்றில் கொட்டினார்கள். பருந்துகள் ஒவ்வொன்றாக அதே இடத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு போயின. துரத்துவதை விட்டுவிட்டு அந்த இடத்துக்கு நேரே ஸ்ட்ராவை வைத்துக்கொண்டு நின்றேன். நாலாவதாக வந்தது காற்றில் ஒரு கணம் தொங்கி, கால் இரண்டையும் முன்னால் நீட்டிச் சரிந்தது. அழுத்திவிட்டேன். நாலு படம் விழுந்தன. முதலாவதில் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் நகம் தண்ணீரைத் தொடுகிறது. மூன்றாவதில் குடல் காலில் தொங்குகிறது, அதிலிருந்து சொட்டுகிற துளிகள் தனித்தனியாகத் தெரிகின்றன, 1/1250. கண்கூடத் தெரிகிறது அண்ணா. ஆனால் இடது இறக்கையின் நுனி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நாலாவதில் வால்.

ஏரிக்கரை:

அடுத்த தடவை ஜூமை 3-க்கு இறக்குங்கள், நுனியும் உள்ளே வந்துவிடும். அந்த மூன்றாவது படத்தை வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள், பார்க்க வேண்டும்.