பிராக்கெட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

கைவிடப்பட்ட பழைய கட்டடங்களின் உட்புறத்தைக் குறைந்த வெளிச்சத்தில் படமெடுப்பது பற்றிய வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முக்காலி, ஒளித்துளை, இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிகள்) ஆகிய சொற்களில் சிக்கல் இல்லை. ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் பலமுறை பதியும் பிராக்கெட்டிங் முறைக்கு மட்டும் தமிழ்ச் சொல் பிடிபடாமல் நிற்கிறது. உடைந்த சன்னல் வழியே பகல் வெளிச்சம் பாயும் கூடத்தில், எதிர்மூலை கும்மிருட்டாக இருக்கும். சன்னலுக்கு அளந்து எடுத்தால் மூலை கரியாகிவிடுகிறது. மூலைக்கு அளந்தால் சன்னல் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடுகிறது. ஆகவே கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒளித்துளையை எஃப் 8, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 என வைத்துக்கொண்டு, அரை வினாடி, 2 வினாடி, 8 வினாடி என ஒரே காட்சியை மூன்று முறை பதிகிறோம். வரைவில் 'அடைப்புப் பதிவு' என்று இட்டிருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

———

அம்மா அவர்களுக்கு,

அடைப்பு வேண்டாம். அது அடைப்புக்குறியைப் பார்த்துச் செய்த சொல். கேமராவில் ஏதோ அடைத்துக்கொண்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். பீரங்கிப் படையினர் ஒரு குண்டை இலக்குக்கு அப்பாலும் மற்றொன்றை இப்பாலும் விழச்செய்து, இலக்கை இடையில் சிக்கவைப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். இருபுறமும் பற்றுவதே பொருளென்றால் நம்மிடம் 'கவ்வு' இருக்கிறது, 'கவை' இருக்கிறது. ஆயினும் 'எல்லை' இவற்றினும் பொருந்தும். 'எல்லே இலக்கம்' என்னும் தொல்காப்பிய நூற்பாவை இங்கு யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன்படி எல் என்பது ஒளி. பழைய பாடல்களில் எல்லை என்பது கதிரவனையும் பகலையும் குறிக்கும். பகல் முடியும் இடம் எல்லையாகி, பின்னர் முடியும் இடமெல்லாம் எல்லை ஆயிற்று என்பது என் நெடுநாள் துணிபு. எல்லி என்றால் இரவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒளி, இருள், வரம்பு மூன்றும் ஒரு வேரில் வந்து நிற்கின்றன. எனவே 'எல்லைப் பதிவு' என்பதே என் பரிந்துரை.

———

ஐயா,

வேராய்வை மகிழ்ந்து படித்தேன். ஆனால் 'எல்லைப் பதிவு' என்றதும் என் மாணவர் நிலப் பத்திரத்தைத்தான் தேடுவார். அதோடு, இம்முறையின் உயிர் இரு ஓரங்களில் இல்லை, இடைவெளி சீராக இருப்பதில் உள்ளது. ஒரு படி ஏறினால் ஒளி இருமடங்காகும். அம்மா தந்த எடுத்துக்காட்டில் இரண்டிரண்டு படியாக நான்கு மடங்கு கூடுகிறது. வேறுபாடு பெரிதாக இருக்கும் கூடங்களில் 5 அல்லது 7 படங்கள் எடுப்பதும் உண்டு. மாற்றவேண்டியது நேரத்தை மட்டுமே என்பதும் சொல்லிலோ விளக்கத்திலோ தெரிய வேண்டும். ஒளித்துளையை மாற்றினால் தெளிவின் ஆழம், அதாவது எந்தத் தொலைவு முதல் எந்தத் தொலைவு வரை கூர்மையாக விழும் என்பது, மாறும். அருகில் உரிந்து தொங்கும் சுண்ணாம்புப் பூச்சு ஒரு படத்தில் கூர்மையாகவும் அடுத்ததில் மங்கலாகவும் விழ, பின்னர் இப்படங்களை ஒரே படமாக இணைக்கும்போது விளிம்புகள் ஒட்டா. 'படிப் பதிவு' என்று சொல்லியிருப்பேன். ஆனால் படி நகலுக்கும் ஆகிறது, அளவைக்கும் ஆகிறது, ஏவலாகவும் நிற்கிறது. ஆதலால் 'ஏற்றிறக்கப் பதிவு' எனலாம்.

———

கேமராவின் பட்டியலில் பிராக்கெட்டிங் என்றே இருக்கிறது. மாணவர் அமுக்கப்போவதும் அதைத்தான். வடவெழுத்தை நீக்கி நம் எழுத்தில் அமைத்துக்கொண்டால் வடசொல்லும் செய்யுளுக்கு ஆகுமென்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்க, ஒரு கையேட்டுக்கு இவ்வளவு கெடுபிடி ஏன்?

இணைப்பதையும் இச்சொல்லுக்குள் திணிக்க வேண்டாம் என்பது இன்னொரு வேண்டுகோள். 1850-களில் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என இரண்டிலிருந்து ஒரே படத்தை அச்சிட்டார். அது இணைப்பு. ஏற்றி இறக்கிப் பல படம் எடுத்து, நல்லதொன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவோரும் இருக்கிறார்கள். அங்கே இணைப்பே இல்லை.

———

ஏற்றிறக்கம் எப்படி வந்தது? ஏற்றம், இறக்கம் என்னும் இரண்டும் உம்மைத்தொகையாகப் புணர்ந்தால், மகரம் கெட்டு வகர உடம்படுமெய் தோன்றி 'ஏற்றவிறக்கம்' என்றே வரும். ஏற்று, இறக்கு என்னும் வினைகளைச் சேர்த்ததாகச் சொன்னால் 'ஏற்றிறக்கு' என்று நிற்க வேண்டும். பாதி பெயரும் பாதி வினையுமாக ஒரு சொல்லை மாணவர் கையில் கொடுப்பது முறையன்று.

———

அனைவருக்கும் நன்றி. 'ஏற்றிறக்கப் பதிவு' என்பதற்கே ஆதரவு கூடுதலாக இருப்பதாலும், நாளை மெய்ப்புத் திருத்தம் முடிய வேண்டியிருப்பதாலும், அதையே இடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் பிராக்கெட்டிங் என்ற சொல்லும் உடன் வரும்; இணைப்பதற்குத் தனியே 'ஒளியிணைப்பு' என்று வைத்திருக்கிறேன்.

———

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. 'ஏற்றவிறக்கம்' என்பதே சரி என்னும் என் மறுப்பு மட்டும் இவ்விழையில் இருக்கட்டும். 'ஒளியிணைப்பு' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.