சீன மெனுவில் கறி எது, காய் எது? உதவுங்களேன்

வேலைக்காக குவாங்சோ வந்து மூணு மாசம் ஆச்சு. நான் சைவம். தெருமுனைக் கடை மெனுவில் படமே கிடையாது, எல்லாம் சீன எழுத்து.

கொஞ்சம் பிடிபட்டிருக்கு. ஆட்டுக்கான 'யாங்' எழுத்துக்கு உச்சியில ரெண்டு கொம்பு, அதை மறக்கவே முடியாது. இறைச்சிக்கான 'ரோ', அடிப்பக்கம் திறந்த பெட்டிக்குள்ள ரெண்டு கூரை மாதிரி இருக்கும். எந்த மிருகம்னு சொல்லாம வெறும் 'ரோ'ன்னா பெரும்பாலும் பன்றிதான்.

குழப்பம் தோஃபுல வந்துச்சு. அது சோயாவுல செய்யற, பன்னீர் மாதிரி சைவப் பண்டம்தான். அதோட ரெண்டாவது எழுத்துக்கு அடியில அதே 'ரோ' உட்கார்ந்திருக்கு! பயந்துபோய் ரெண்டு வாரம் தொடவே இல்லை. 'யூ சியாங்' கத்தரிக்காயும் இதே மாதிரிதான். பேருல மீன் இருக்கு, தட்டுல மீன் இல்லை. ஆனா எனக்கு வந்ததுல பன்றிக் கொத்துக்கறி கிடந்தது. அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

இங்கே இருந்து பழகினவங்க சொல்லுங்க: கீரை, காளான், முட்டை எழுத்துகளை எதை வெச்சு ஞாபகம் வெச்சுக்கிட்டீங்க? சைவம்னு சொல்ல 'சூ' எழுத்தைக் காட்டினா போதுமா, இல்லை பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் வேண்டாம்னு தனியா எழுதிக் காட்டணுமா? போன்ல மொழிபெயர்ப்புச் செயலி இருக்கு, ஆனா கையால எழுதின பலகையைப் பார்த்தா அது உளறுது.