சட்டத்தில வயசு 19, என்ர வீட்டில 16இலயே தொடங்கியிருக்கு

மல்லிகைப்பந்தல் (ஸ்காபரோ)

கன காலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இளம் பிள்ளையளுக்குக் கஞ்சாவைச் சட்டபூர்வமா விடலாமோ எண்டு இங்க நடக்கிற வாதத்தைப் பாத்த பிறகு, என்ர வீட்டில நடந்ததை எழுதாம இருக்க ஏலேல்லை.

மகனுக்கு 18. கொலிஜ் முதலாம் வருஷம். மாரி தொடங்கேக்க ஒரு நாள் காலமை எழும்பினவுடன சத்தி. வெளியில சாப்பிட்டது ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைச்சு ரசம் வைச்சுக் குடுத்தன், ஓமத்தண்ணி அவிச்சுக் குடுத்தன். ரெண்டு நாளில நிண்டுது. பிறகு திரும்ப வந்துது. மூண்டு மாசத்துக்குள்ள நாலு தரம். ஒவ்வொரு தரமும் பாத்ரூமுக்குள்ள போய் ஒரு மணித்தியாலம், ஒண்டரை மணித்தியாலம் சுடுதண்ணிக்குக் கீழ நிப்பான். தண்ணி குளிரத்தான் வெளியில வருவான். தகப்பன் பில்லைக் காட்டிச் சத்தம் போடுவார். அந்தச் சுடுதண்ணிதான் வருத்தத்தின்ர அடையாளம் எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது.

நாலாம் தரம் எமர்ஜென்சிக்குக் கொண்டு ஓடினம். சேலைன் ஏத்த வந்த நர்ஸ் பிள்ளை கேட்ட முதல் கேள்வியே, "சுடுதண்ணியில நிண்டாச் சுகமா இருக்கோ?" அவன் ஓம் எண்டான். "எவ்வளவு காலமாப் பத்துறாய்?" எண்டு கேட்டா. அவன் என்ர முகத்தைப் பாத்தான். நான் எழும்பித் திரைக்கு வெளியில போய் நிண்டன். சீலைத் திரைதானே, எல்லாம் கேட்டுது. 16 வயசில இருந்து. கடைசி ஒரு வருஷம் ஒவ்வொரு நாளும்.

கன்னபினாய்ட் ஹைப்பரெமெசிஸ், அதாவது கஞ்சாவால வாற விடாத சத்தி எண்டு டொக்டர் சொன்னார். புற்றுநோய்க்காரருக்குச் சத்தியைக் குறைக்கிற அதே சாமான், கன காலம் நெடுகப் பாவிச்சாச் சில பேருக்கு மாறி வேலை செய்யுமாம். முழுசா விடுறதுதான் மருந்து.

இங்க கனடாவில 2018 ஒக்டோபர் 17இல கஞ்சா சட்டபூர்வமாச்சு. எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில வாங்க 19 வயசு ஆகவேணும். 19க்குக் கீழ பிள்ளையிட்டப் பிடிச்சாப் பொலிஸ் பறிக்கும், ஒரு வகுப்புக்கு அனுப்பலாம். கடைக்காரர் என்ர பிள்ளைக்கு விக்கேல்லை. சிநேகிதன்ர தமையன் கடையில வாங்கிக் குடுத்திருக்கிறான். வேப் பேனாவில மணமும் பெரிசா வராது. பக்கத்து அறையில படுத்த எனக்கு ரெண்டு வருஷம் தெரியேல்லை.

"ஊரில கோயில் மடத்துச் சாமிமார் இழுக்கேல்லையோ, அவைக்கு என்ன நடந்தது?" எண்டு போன கிழமை ஒருத்தர் இங்க கேட்டிருந்தார். 1980களில காஞ்ச கஞ்சாவில டி.எச்.சி., அதுதான் போதை ஏத்துற சாமான், சராசரி 3 வீதம். இப்ப 15 வீதமளவில நிக்குது எண்டு கனடா சுகாதாரத் திணைக்களமே சொல்லுது. என்ர மகன்ர மேசை லாச்சியில நான் எடுத்த பக்கெட்டில 27 வீதம் எண்டு போட்டிருந்தது. மூளை 25 வயசளவு வரைக்கும் வளருது. 18, 19 எண்டு சட்டம் வரேக்கயே கனடா மருத்துவர் சங்கம் 21 எண்டு கேட்டது. கியூபெக் மாகாணம் பிறகு 21 ஆக்கினது. ஒன்ராறியோவும் ஆக்கவேணும். வயசைக் குறைக்கச் சொல்லி எழுதுறவை ஒரு ராத்திரி அந்தத் திரைக்கு வெளியில வந்து நிண்டு பாக்கட்டும்.

மொன்றியல்தம்பி

அன்ரி, வாசிக்கக் கவலையா இருக்கு. கியூபெக் கதையை நான் சொல்லவேணும், ஏனெண்டால் அது என்ர கதை.

முதல் இங்க 18. அரச கடையில அடையாள அட்டையைக் காட்டி வாங்கினனான். 10 வீதம், 12 வீதம் எண்டு பாத்து எடுப்பன், கூடினதைத் தொடமாட்டன். 2020 ஜனவரி 1 அண்டு வயசு 21 ஆச்சு. எனக்கு 19. அதுவரைக்கும் சட்டப்படி வாங்கின எனக்கு அதுக்குப் பிறகு வாசலிலயே மறுப்பு. விட்டனானோ? இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில குடுத்தவனுக்கே திரும்ப மெசேஜ் போட்டன். அவன்ர பையில வீதமும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்தப் பையோட வேற குளிசையளும் வைச்சிருந்தான், ரெண்டாம் தரம் அதையும் சும்மா தந்தான். அந்த ஒண்டரை வருஷத்தைப் பற்றி என்ர அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. 21 எண்டு எழுதுறது லேசு, அன்ரி. 19 வயசுக்காரன் அண்டு பின்னேரம் எங்க போறான் எண்டதையும் பாக்கவேணும்.

கோவைவாத்தியார்

வணக்கம்மா. உங்க ரெண்டு பேர் எழுதினதையும் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல.

நான் தனியார் பொறியியல் கல்லூரியில பாடம் நடத்துறேன். மூணு வருஷம் முன்னாடி, இரண்டாம் வருஷப் பையன் ஒருத்தன் பையில ரெண்டு பொட்டலம் சிக்குச்சு. ரெண்டும் சேர்ந்து 30 கிராம் தேறாது. அங்க பெரியவங்க அவ்வளவு வெச்சுக்கிட்டு ரோட்டுல நடக்கலாம். இங்க 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம். 1 கிலோ வரைக்கும் சிறிய அளவுதான், ஆனா அதுக்கே ஒரு வருஷம் வரை கடுங்காவல், இல்ல 10,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். வழக்கு பதிஞ்ச மறுநாளே கல்லூரி டி.சி. கொடுத்து வெளிய அனுப்பிடுச்சு. அவங்கப்பா தறி ஓட்டுறவர். ஆபீஸ் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு, உள்ள கூப்பிடக்கூட இல்ல.

அதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. சிறிய அளவோட மாட்டின பழக்கக்காரர், தானா முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும், சிகிச்சையை முழுசா முடிக்கணும். அதை யாரும் அவருக்குச் சொல்லல. எனக்கும் அப்போ தெரியாது. ஆறு மாசம் கழிச்சுப் படிச்சேன். அதுக்குள்ள பையன் அபராதம் கட்டிட்டு, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டான். அன்னைக்கு நான் அவங்கப்பாவை உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சிருக்கணும்.

எங்க ஊர்ல வயசு 19ஆ 21ஆங்கறது ரொம்பத் தூரத்துப் பேச்சு. மாட்டின பையனை முதல்ல டாக்டர்கிட்ட அனுப்பணும்னுதான் நான் இப்ப ஒவ்வொரு கமிட்டியிலயும் கேட்டுட்டிருக்கேன்.

மல்லிகைப்பந்தல் (ஸ்காபரோ)

வாத்தியார் ஐயா, அந்தப் பிள்ளையின்ர தகப்பனுக்கு இப்பவாவது ஒருக்கா போன் எடுங்கோ.

மொன்றியல்தம்பி, நீங்கள் எழுதினதை மகனுக்கு வாசிச்சுக் காட்டினன். "அவர் சொல்றது சரி அம்மா, எங்கட வகுப்பிலயும் அப்பிடி ஆள் இருந்தவன்" எண்டான். அந்த ஆளைப் பற்றி அவன் என்னோட கதைச்சது அதுதான் முதல் தரம். 21 எண்டு நான் எழுதினதை மாத்தேல்லை. ஆனா உங்கட அந்த ஜனவரி பின்னேரத்துக்கு என்னட்டப் பதில் இல்லை, யோசிச்சுக்கொண்டிருக்கிறன். அம்மாட்டச் சொல்லுங்கோ அப்பன். திரைக்கு வெளியில நிண்டு கேக்கிறதை விட உங்கட வாயால கேக்கிறது அவவுக்குச் சுகம்.

மகன் விட்டு இண்டைக்குப் 11ஆம் கிழமை. நித்திரை இன்னும் சரியில்லை, கோவம் வருது. காலமை குளிக்கப் போனவன் பத்து நிமிஷத்தில தண்ணியைப் பூட்டினான். நான் கதவடியில நிண்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான், அவன் காணேல்லை.