ஆஸ்திரேலியாவில் உங்களுக்குப் புரியாமல் போன ஒரு வார்த்தை: அனுபவங்களைப் பகிருங்கள்

தயிர்சாதம்:
சிட்னிக்கு வந்து நாலாவது வெள்ளி. ஆபீஸ் ஆட்கள் பப்புக்குக் கூப்பிட்டார்கள். குடிக்க மாட்டேன் என்றேன். "நோ வொரிஸ், இது என் ஷௌட்" என்று ஒருவர் எனக்கு லெமன் ஸ்குவாஷ் வாங்கி வந்தார். ஷௌட் என்றால் அவர் செலவு, அதுவரை சரிதான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் எழுந்து போனார், எனக்கும் ஒன்று. அப்புறம் இன்னொருவர். வயிறு முட்ட நாலு லெமன் ஸ்குவாஷ். ரயிலுக்கு நேரமாச்சு என்று தேங்க்ஸ் சொல்லிக் கிளம்பிவிட்டேன். மேசையில் ஐந்து பேர், நாலு பேர் வாங்கியாச்சு, நான்தான் பாக்கி என்பது மண்டையில் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை காபி போடும் இடத்தில் அவர்களில் ஒருவர் சட்டைக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு, பேன்ட் பாக்கெட் எட்டாதது போல நடித்துக் காட்டினார். "ஷார்ட் ஆர்ம்ஸ், டீப் பாக்கெட்ஸ்." நானும் சிரித்தேன். என்னைக் கஞ்சன் என்கிறார் என்பது புரியாமலே சிரித்தேன் பாருங்கள், ரெண்டு வருடமாகியும் அதுதான் குத்துகிறது.

டான்டினாங்வாசி:
எனக்கு கோடவுன் வேலை. முதல் நாள் சூப்பர்வைசர் ஒரு சீட்டைக் கொடுத்து, புளூயியிடம் கொடு என்றார். நீலச் சட்டைக்காரரைத் தேடினேன். அங்கே பாதிப் பேர் நீலச் சட்டை. மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் சிரிக்காமல் அடுத்த ஆளைக் கைகாட்டினார்கள். கடைசியில் ஃபோர்க்லிஃப்டிலிருந்து ஒருவர் இறங்கி வந்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். தலை, தாடி, புருவம் எல்லாம் செங்கல் நிறம். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். "முடி சிவப்பாச்சே, அதான்" என்றார்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
அடிலெய்டில் மகள் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா சனிக்கிழமை ஆறு மணிக்கு டீக்கு அழைத்தார். ஐந்தரைக்கே தோசை சாப்பிட்டுவிட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய் நின்றோம். டீ என்றால் ராத்திரிச் சாப்பாடாம்! என் மனைவி சைவம் என்று யாரிடமோ கேட்டு வைத்து, அவளுக்கென்று ஒரு தட்டு நிறையப் பூசணித் துண்டுகளைச் சுட்டு வைத்திருந்தார் அந்த அம்மா. ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பழைய_பெர்த்:
தயிர்சாதம், கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு உங்களுடையதுதான். ரவுண்டில் சேரவில்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொன்னால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டால் உங்கள் முறை முடியாமல் எழக் கூடாது. குடிக்கிறீர்களா இல்லையா என்பது கணக்கே இல்லை. அடுத்த வாரம் முதல் ஆளாகப் போய் வாங்குங்கள், பழசைப் பேசாதீர்கள். ஸ்கூனர் என்கிற பீர் கிளாஸ் கேட்டால் சிட்னியில் 425 மில்லி வரும், அதே பெயருக்கு அடிலெய்டில் 285தான். வாத்தியார் ஐயா, 'பிரிங் எ பிளேட்' என்று அழைத்தால் வெறும் தட்டோடு போய்விடாதீர்கள், அதில் பலகாரம் இருக்கணும். 'நாட் பேட்' என்றால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. 'யா, நா' என்றால் இல்லை. ஆர்வோ பிற்பகல், செர்வோ பெட்ரோல் பங்க், 2022இல் பிரதமரான ஆன்டனி ஆல்பனீஸிகூட ஆல்போதான். மெக்டொனால்ட்ஸ்கூட 2013இல் ஆஸ்திரேலியா தினத்தையொட்டிச் சில கடைகளின் போர்டைக் கொஞ்ச நாளைக்கு 'மெக்காஸ்' என்று மாற்றியது.

என் கதை: தனியாக டாக்சி ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். "முன்னாடி இடம் இருக்கே, நான் கடிக்க மாட்டேன்" என்றார் டிரைவர். அவரும் நமக்குச் சமம், பக்கத்தில்தான் உட்காரணுமாம்.

இரவுப்பணி:
அந்த டாக்சிக் கதை எந்தக் காலத்துக் கதை? இப்போது நான் பார்க்கிற ஆட்கள் பின்னால்தான் ஏறுகிறார்கள். இங்கே எல்லோரும் சமம் என்று ரொம்ப உருகவும் வேண்டாம். எங்கள் மேனேஜரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடணும், கப்பைத் தானே கழுவுவார், வாய் திறந்தால் மேட், அதாவது நண்பா, என்பதை "மைய்ய்ட்" என்று இழுப்பார். ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பிய அன்றும் மேட்தான். ஆனால் அன்று இழுக்கவில்லை. சுருக்கமாக, கத்தரித்தது மாதிரி வந்தது. ஆறு பேரில் நானும் ஒருவன்.

தயிர்சாதம்:
பெர்த்காரரே, ரெண்டு வருடம் ஆச்சுங்க, அந்த அடுத்த வாரம் எப்போதோ போய்விட்டது. பாக்கெட் எட்டாதது போல நடித்துக் காட்டிய ஆள் மறு மாதமே பிரிஸ்பேனுக்கு வேலை மாறிப் போனார். கடைசி நாள் பப்பில் எல்லோருக்கும் முந்திக் கவுண்டருக்கு ஓடினேன். "உன் காசு இன்னைக்குச் செல்லாது" என்று என் கார்டைத் தள்ளிவிட்டு அவரே வாங்கினார். எனக்கு லெமன் ஸ்குவாஷ்.