பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா: கடைசி நேர மைல் டிக்கெட் அனுபவங்கள்

அமெரிக்காவில் நடக்கும் பிரசவத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து அம்மாவை வரவழைப்பது பற்றி அங்கே நான்கு ஊர்களில் இருப்பவர்கள், அவரவர் ஊர்ப் பெயரின் கீழ், மாறி மாறிச் சொல்வது இது.

டல்லாஸ்

மைல் டிக்கெட், அதாவது காசுக்குப் பதில் ஏர்லைன் மைலோ கார்டு பாயிண்ட்டோ கொடுத்து எடுக்கும் டிக்கெட், என்றாலே பணம் மிச்சம் என்றுதான் பேசுகிறோம். பிரசவப் பயணத்தில் அதைவிடப் பெரிய லாபம், தேதியை நகர்த்த முடிவது. டியூ டேட் அன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் ஆகிவிட்டால் எந்த நாளும் வலி வரலாம். பிபி ஏறினாலோ பனிக்குடம் உடைந்தாலோ அதற்கும் முன்பே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். காசு கொடுத்து எடுத்த டிக்கெட்டை அப்போது மாற்றினால் பல நேரம் அபராதத்தோடு கட்டண வித்தியாசமும் சேரும். கடைசி வாரத்தில் அந்த வித்தியாசமே டிக்கெட் விலையைத் தாண்டிவிடும்.

அதனால் குழந்தை பிறந்த பிறகு தேடத் தொடங்காதீர்கள். 36, 37 வாரத்தை ஒட்டி ஒரு தேதிக்கு இப்போதே ஒருவழி மைல் டிக்கெட் போட்டு வையுங்கள். அமெரிக்கன், யுனைடெட் ஏர்லைன்கள் இரண்டிலும் விமானம் கிளம்பும் முன் ரத்து செய்தால் மைல் முழுசாகத் திரும்பி வரும், வரிப்பணமும் வரும். பேசிக் எகானமி (கட்டுப்பாடுகள் அதிகமுள்ள மலிவு வகை) என்று போட்டிருப்பதை மட்டும் தொடாதீர்கள். காசு டிக்கெட்டில் ஒருவழி என்றால் போகவர எடுப்பதில் பாதிக்கு மேல் விலை வைப்பார்கள். மைலில் ஒருவழி சரியாகப் பாதி. ஆகவே வருகைக்கு ஒன்று, திரும்பலுக்கு வேறொன்று என்று தனித்தனியாகப் போடுவதே நல்லது.

அமெரிக்கன் மைல் கையில் இருந்தால் சென்னை–தோஹா–அமெரிக்கா கத்தார் ஏர்வேஸ் சீட்டை முதலில் பாருங்கள். அமெரிக்கனின் பார்ட்னர் அட்டவணையில் (கூட்டு ஏர்லைன் சீட்டுகளுக்கான மைல் விலைப்பட்டியல்) இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஒருவழி எகானமி 40,000 மைல், பிசினஸ் 70,000. கத்தாருக்கு எரிபொருள் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் போடுவதில்லை. அதே மைலில் லண்டன் வழி பிரிட்டிஷ் ஏர்வேஸ் எடுத்தால் சர்சார்ஜ் தாளித்துவிடும். 2025 ஜூலையிலிருந்து சிட்டி வங்கி கார்டு பாயிண்ட்டையும் அமெரிக்கனுக்கு மாற்றலாம், எல்லா சிட்டி கார்டிலும் இல்லை.

தேதியை முன்னுக்கு இழுக்க வேண்டி வந்தால் புது டிக்கெட் கைக்கு வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். அதற்கு மறுபடி 40,000 மைல் கணக்கில் உபரியாக இருக்க வேண்டும், அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். ஒரே ஆள் அடுத்தடுத்த நாட்களில் சென்னையிலிருந்து இரண்டு முறை கிளம்புவதாக இருந்தால் ஏர்லைன் கணினி அதை டூப்ளிகேட் என்று பார்த்து இரண்டில் ஒன்றைத் தானாகவே தூக்கிவிடலாம், எதைத் தூக்கும் என்பது நம் கையில் இல்லை. புதியதற்கு டிக்கெட் எண் வந்த கையோடு பழையதை எடுத்துவிடுங்கள்.

24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் இலவசம் என்ற அமெரிக்க விதியை நம்பிப் போடுபவர்கள் கவனிக்க: பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கட்டாயம். நாளை மறுநாள் கிளம்பும் டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை தருவதும் தராததும் ஏர்லைன் விருப்பம்.

எடிசன், நியூஜெர்சி

மைலைப் பற்றி மேலே வந்துவிட்டது. நான் விசா பக்கம். கடைசி நேர டிக்கெட் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பி-2 விசா (சுற்றுலா, உறவினரைப் பார்க்க வருவோருக்கான அமெரிக்க விசா) கையில் இல்லாத அம்மாவுக்கு மைல் தேடுவது வீண். பிரசவத்துக்கு உதவப் போகிறேன் என்பது அவசர நேர்காணலுக்குக் காரணம் ஆகாது என்று அமெரிக்கத் தூதரகம் தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது, கல்யாணத்தையும் பட்டமளிப்பையும் அதே வரியில் சேர்த்து. கர்ப்பம் உறுதியானதுமே டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்புகிறவர்கள்தான் தப்பிக்கிறார்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.

விசா இருந்தும் கோட்டை விடுவது வழியில். ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானில் தேடினால் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–டொரான்டோ–அமெரிக்கா என்று அழகாக ஒன்று வரும். இந்தியப் பாஸ்போர்ட்டில் டொரான்டோவில் விமானம் மாற கனடா டிரான்சிட் விசா வேண்டும். அமெரிக்க விசா இருப்பது அதற்கு ஈடாகாது. சென்னை கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று ஃபிராங்க்ஃபர்ட்–சூரிச்–சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி வருவது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சூரிச்சுக்குப் போவது ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் பகுதி) உள்ளூர் விமானம் மாதிரி. அம்மா குடியேற்றத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தாக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். ஐரோப்பாவில் ஒரே ஒரு நிறுத்தம், அங்கிருந்து நேரே அமெரிக்கா என்றால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா போதும். தேடும் தளங்கள் இது எதையும் சொல்லாது, சீட் இருக்கிறதா என்று மட்டும்தான் அவை பார்க்கும்.

அமெரிக்காவுக்குள்ளும் கனெக்‌ஷன் இல்லாமல் பாருங்கள். முதலில் இறங்கும் ஊரில் குடியேற்றம், பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுப்பது, சுங்கம், மறுபடி பெட்டியைப் போடுவது, மறுபடி பாதுகாப்புச் சோதனை. சென்னையில் கடைசி ஊர் வரை டேக் போட்டிருந்தாலும் இது உண்டு. 20 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்த 62 வயது அம்மாவுக்கு இது வேண்டாம். நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போய் அழைத்து வந்தாலும் பரவாயில்லை.

சான் ஹோசே

மேற்குக் கரைக்காரர்கள் தோஹா, ஃபிராங்க்ஃபர்ட்டோடு நின்றுவிடுகிறார்கள். சிங்கப்பூர் வழியையும் பாருங்கள். சென்னையிலிருந்து நாலு மணி நேரம், அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டிலுக்கு நேரடி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மாறுவது எளிது, அறிவிப்புப் பலகையில் தமிழும் ஆங்காங்கே உண்டு. நெவார்க்குக்கு யாரும் இதில் எகானமி தேட வேண்டாம், அந்த நேரடி விமானத்தில் எகானமி இருக்கையே கிடையாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிறிஸ்ஃபிளையரில் நாமினி பட்டியலில் சேர்த்தவர்களுக்குத்தான் நம் மைலில் டிக்கெட் போடலாம், ஐந்து பேர் வரை. அம்மா, அப்பா, அத்தை, மாமா நாலு பேரையும் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், காசு இல்லை. ஜப்பானின் ஏஎன்ஏ ஏர்லைன் இரண்டாம் உறவு வரை அனுமதிக்கிறது, ஆனால் முன்பே பதிவு வேண்டும், அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டு பாயிண்ட் போய்ச் சேரவே இரண்டு மூன்று நாள் ஆகும். கொரியன் ஏர் உறவுக்கு ஆவணம் கேட்கும். இவை இரண்டும் கடைசி நேரத்துக்கு ஆகாது.

கார்டு பாயிண்ட்டை ஏர்லைன் மைலாக மாற்றும் முன் இரண்டு விஷயம். மாற்றினால் திரும்பி வராது. அம்மாவின் கணக்குக்கு நேரே அனுப்பவும் முடியாது, நம் பெயரில் இருக்கும் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து அவர் பெயருக்கு டிக்கெட் போட வேண்டும். சேஸ், அமெக்ஸ் கார்டுகள் இரண்டிலிருந்தும் ஏரோபிளானுக்குப் பெரும்பாலும் உடனே போகும், சிங்கப்பூருக்குச் சில சமயம் ஒரு நாள் இழுக்கும். அந்த ஒரு நாளில் சீட் போய்விடும். புதிதாகத் திறந்த கணக்கில் முதல் முறை மாற்றும்போது சோதனை என்று நிறுத்தி வைப்பதும் உண்டு. குறைந்தபட்ச அளவு, 1,000 பாயிண்ட், முன்னதாகவே அனுப்பி வழியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டுவதும் நடக்கும். யுனைடெட் தளத்தில் தெரியும், அதன் பார்ட்னரான லுஃப்தான்ஸா சீட்டை ஏரோபிளானிலும் தேடிப் பாருங்கள். இரண்டிலும் இருந்தால்தான் பாயிண்ட்டை நகர்த்துங்கள். சென்னையிலிருந்து முழு வழியாகத் தேடி எதுவும் வராவிட்டால் நீண்ட விமானத்தை மட்டும் முதலில் தேடுங்கள், ஃபிராங்க்ஃபர்ட்–சிகாகோ என்று. அது கிடைத்தால் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் தனியாக. இரண்டும் தனித்தனியாக இருந்து சேர்த்து வராவிட்டால் போனில் சொல்லி ஒட்டச் சொல்லலாம். கடைசி இரண்டு வாரத்தில் விற்காத பிசினஸ் சீட்டுகளை மைலுக்குத் திறந்துவிடும் பழக்கம் பல ஏர்லைன்களுக்கு உண்டு. எகானமி காலியாக இல்லாத நாளில் பிசினஸ் இருப்பது அதனால்தான்.

சேலம், தர்மபுரி, ஓசூர் வீடு என்றால் பெங்களூரிலிருந்தும் தேடுங்கள். சென்னைக்குப் போகும் நேரத்தைவிடக் குறைவு.

டல்லாஸ்

தனியாக டெல்லிவரை காசு டிக்கெட், டெல்லியிலிருந்து மைல் டிக்கெட் என்று ஒட்டுபவர்களுக்கு: சென்னை விமானம் தாமதமானால் டெல்லியிலிருந்து கிளம்பும் ஏர்லைன் பொறுப்பேற்காது. பெட்டியை எடுத்து டெர்மினல் மாற வேண்டியும் வரலாம். முதல் நாள் இரவே டெல்லி சேர்கிற மாதிரி இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரே டிக்கெட்டில் எல்லாம் இருப்பதற்குள்ள மதிப்பு குழப்பம் வந்தால்தான் தெரியும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளி மூடியபோது ஒரே டிக்கெட்டில் இருந்தவர்களை மறுபடி ஏற்றி அனுப்புவது ஏர்லைனின் வேலையாக இருந்தது. பயணம் தொடங்கும் முன் மாற்றம் என்றால் மைல் எடுத்த நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். பாதி வழியில் மாட்டினால் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் கவுன்டர். அம்மாவிடம் இதை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

ஹூஸ்டன்

பெயர். தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக, கிவன் நேமில் மட்டும் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய், கிவன் நேமில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும். மைல் தளங்கள் கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. அங்கே கணவர் பெயரையோ அப்பா பெயரையோ தோன்றியபடி போட்டுவிடாதீர்கள். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், சில எஃப்என்யூ போடச் சொல்லும். விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் முறை எதுவோ அதுதான். பார்ட்னர் மைலில் எடுத்த டிக்கெட்டில் பெயரைத் திருத்துவது காசு டிக்கெட்டைவிடக் கடினம், ரத்து செய்து மறுபடி போடும்போது சீட் கைமாறிவிடும்.

போட்டவுடன் பார்க்க வேண்டியது டிக்கெட் எண். ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்தால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது, அது வெறும் முன்பதிவு. 13 இலக்க எண் வர வேண்டும்: அமெரிக்கன் கொடுத்தது 001, ஏர் கனடா 014, யுனைடெட் 016 என்று தொடங்கும். சில மணி நேரத்தில் வராவிட்டால் போன் போடுங்கள். பார்ட்னர் விமானத்துக்கு வேறு பிஎன்ஆர் ஒன்று இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கனின் பிஎன்ஆர் கத்தார் தளத்தில் வேலை செய்யாது, கத்தாருடையது வேண்டும். அதை வைத்துத்தான் இருக்கை, சாப்பாடு, வீல்சேர் எல்லாம்.

வீல்சேர் நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று கூச்சப்படும் அம்மாக்கள் நிறைய. ஆங்கிலம் வராதவர்களை கேட்டுக்குக் கேட் கொண்டுபோய் விடும் ஆள் அதில்தான் கிடைக்கிறார். 48 மணி நேரம் முன்பே கேளுங்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள்.

சாப்பாட்டில் "இந்து மீல்" என்று இருப்பதைச் சைவம் என்று அழுத்திவிடுகிறார்கள். ஹெச்என்எம்எல் என்ற அந்தக் குறியீட்டில் பெரும்பாலும் கோழியோ ஆடோ வரும், மாட்டிறைச்சிதான் இருக்காது. சைவத்துக்கு ஏவிஎம்எல். 24 மணி நேரத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

விசா எண் கேட்கும் கட்டத்தில் விசாவின் கீழ்ப்பகுதியில் சிவப்பில் அச்சாகியிருக்கும் எண்ணைப் போடுங்கள். மேலே இருக்கும் கண்ட்ரோல் நம்பரைப் போட்டால் செக்-இன் ஆகாது. அமெரிக்க முகவரி ஜிப் கோடோடு வேண்டும்.

வரிக்கு நம் அமெரிக்க கார்டு, பயணி சென்னையில், கிளம்புவது நாளைக்கு. மோசடி என்று கணினி சந்தேகிக்க இது போதும். கவுன்டரில் கார்டைக் காட்டச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. முன்கூட்டியே போனில் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடு எண்களை மறைத்த கார்டு நகலும் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அம்மாவின் பையில் இருக்கட்டும்.

எடிசன், நியூஜெர்சி

பெட்டி பற்றி ஒரு வரி: லேகியம், சுக்கு, பூண்டுப் பொடி எல்லாவற்றையும் சுங்கத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அரிசியும் பறிமுதல்தான். சொல்லாமல் கொண்டுவந்து மாட்டினால் அபராதமும் சேரும்.

அப்பாவும் கூட வருகிறார் என்றால் இரண்டு சீட் என்று தேடாதீர்கள், ஒரு சீட் மட்டும் இருக்கும் விமானம் கண்ணிலேயே படாது. ஒன்று ஒன்றாகத் தேடி இரண்டு டிக்கெட் போட்டு, பிறகு போனில் இரண்டு பிஎன்ஆரையும் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே விமானமாக இல்லாவிட்டால் அப்பாதான் பிறகு வர வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டையும் மைலில் போட்டு அதன் பிரதியை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள், குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்டலாம். தேதி எதுவாக இருந்தாலும் பிறகு மாற்றலாம். வந்து சேர்ந்ததும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான அரசுப் பதிவு) தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு எந்தத் தேதி வரை தங்கலாம் என்று பாருங்கள், பொதுவாக ஆறு மாதம் கொடுப்பார்கள். விசா பத்து வருடம் இருந்தாலும் கணக்கு இந்தத் தேதிதான். திரும்பும் டிக்கெட்டை அதற்கு இரண்டு வாரம் முன்னால் இருக்கும்படி அன்றைக்கே நகர்த்தி வைத்துவிடுங்கள்.